வழுவும் வழுவமைதியும்: கணினியின் கருநிரல் கற்பிக்கும் இலக்கணம்



மொழிக்கென அமைந்த இம்மேடையில் கணினியின் உட்பகுதியைப் பற்றி ஒருவன் பேச வருவது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் பினாங்கில் இப்பொருளைப் பேசுவதற்குத் தனிப்பொருத்தம் ஒன்று உண்டு. 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி என்பவர் 'சி' என்னும் நிரல்மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார். அதே ஆண்டில்தான் இத்தீவின் பாயான் லெப்பாசில் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் தொடங்கியது. நம்மவர் கைகள் சில்லுகளைப் பொருத்தவும் சோதிக்கவும் பழகிய காலத்திலேயே, அச்சில்லுகளை இயக்கவிருந்த மொழியும் பிறந்து வளர்ந்தது. மனிதன் எழுதும் அம்மொழிக்கும் சில்லு அறியும் எண்களுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளன் ஒருவன் நிற்கிறான். அவனும் தவறுவான். அவன் தவறும்போது யார் திருத்துவது, எதனைத் திருத்துவது என்பதே இன்றைய உரையின் பொருள்.

கருநிரலும் தொகுப்பியும்

முதலில் இரு சொற்களை விளக்கிவிடுகிறேன். ஆங்கிலத்தில் கெர்னல் எனப்படுவதை இவ்வுரையில் கருநிரல் என்பேன். கணினியின் நினைவகம், செயலி, வட்டு, வலையமைப்பு ஆகிய அனைத்தையும் மற்ற நிரல்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை நிரல் அது. கம்பைலர் எனப்படுவதைத் தொகுப்பி என்பேன். மனிதர் எழுதிய மூலநிரலைப் படித்து, அதனைச் சில்லுக்குரிய கட்டளைகளாகப் பெயர்த்துத் தருவது அதன் தொழில்.

1991ஆம் ஆண்டில் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், திறமூலக் கருநிரல்களுள் தலையாயது. எவரும் படிக்கலாம், எவரும் திருத்தம் அனுப்பலாம். இன்று உங்கள் சட்டைப்பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியினுள் இயங்குவதும் அதுவே. அக்கருநிரலைப் பெயர்த்துத் தரும் தொகுப்பிகளுள் முதன்மையானது, ரிச்சர்டு ஸ்டால்மன் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜிசிசி. இதுவும் திறமூல மென்பொருளே. ஆகவே எழுதியவரின் பிழையும் பெயர்த்தவரின் பிழையும் வெளியரங்கமாகத் தெரிகின்றன. திருத்திய வரலாறும் காரணத்தோடு பதிவாகியிருக்கிறது. நமக்கு அது பெரும்பேறு.

தொகுப்பி சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதில்லை. அது மூலத்தைப் படித்துப் பொருள் உணர்ந்து, வீண் என்று தோன்றுவதை நீக்கி, வரிசையை மாற்றி, விரைவாக இயங்கும் வடிவத்தைத் தருகிறது. உரையாசிரியர் செய்யும் வேலையை ஒத்தது இது. 'வேலை கொடு' என்பதற்கும் 'வேலைக் கொடு' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் தொடக்கப்பள்ளி மாணவரும் அறிவர். ஓர் ஒற்றெழுத்து மிகுந்தால் கேட்டது பணியன்று, படைக்கலம். எழுதுகின்றவர் ஒன்றை நினைத்து மற்றொன்றை எழுதினால், விதியறிந்து வாசிப்பவர் எழுதியதைத்தான் எடுத்துக்கொள்வார். தொகுப்பி மிகக் கண்டிப்பான வாசகன். நம் நினைப்பு அதற்குத் தெரியாது.

கணினித் துறையில் 'பக்' என்பதற்குத் தமிழில் வழு என்று பெயரிட்டுள்ளோம். இச்சொல் நம் இலக்கணத்திலிருந்து வந்தது. நம் இலக்கண மரபு வழாநிலை, வழு என்ற இரண்டோடு நின்றுவிடவில்லை. வழுவமைதி என்ற மூன்றாவதையும் கண்டது. பசுவைப் பார்த்து அன்பினால் 'அம்மா வந்துவிட்டாள்' என்று ஒருவர் சொன்னால் திணை மயங்குகிறது; ஆயினும் காரணம் உண்மையால் அதனை ஏற்கிறோம். உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு என்று அக்காரணங்களை நன்னூல் எண்ணியே சொல்கிறது. காரணமின்றி ஏற்றால் அது வழு. காரணம் அறிந்து ஏற்றால் வழுவமைதி. கருநிரலைத் திருத்துகின்றவர்கள் நாள்தோறும் செய்வது இந்தப் பாகுபாட்டைத்தான். மூன்று நிகழ்வுகளைக் கொண்டு இதனை விளக்குகிறேன்.

எழுதியவரின் வழு

முதல் நிகழ்வு 2009ஆம் ஆண்டினது. லினக்ஸ் கருநிரலின் 2.6.30 பதிப்பில், மெய்நிகர் வலையமைப்புக் கருவியை இயக்கும் 'டன்' என்ற பகுதியில் அடுத்தடுத்து இரு செயல்கள் இருந்தன. முதற்செயல், ஒரு சுட்டி காட்டும் இடத்திற்குச் சென்று அங்குள்ள மதிப்பை எடுப்பது. இரண்டாம் செயல், அச்சுட்டி எதனையும் காட்டாத வெற்றுச் சுட்டியாயின், பிழை என்று சொல்லித் திரும்பிவிடுவது. வரிசை மாறிவிட்டது என்பது கேட்டவுடனே உங்களுக்குப் புலப்படும். கதவைத் திறந்து ஒருவரை உள்ளே அமர்த்திய பிறகு 'யாரது?' என்று கேட்பது போன்றது இது.

இதனைப் படித்த ஜிசிசி எவ்வாறு எண்ணியது? வெற்றுச் சுட்டியின் வழியே மதிப்பை எடுத்தால் என்ன நிகழும் என்பதைச் 'சி' மொழியின் விதிநூல் வரையறுக்கவில்லை. விதியறிந்த எழுத்தாளர் அப்படிச் செய்யமாட்டார். இங்கே மதிப்பு எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே இச்சுட்டி வெறுமையாக இருக்க முடியாது. ஆகவே அடுத்துவரும் சோதனை வீண். இவ்வாறு கருதிச் சோதனையை நீக்கிவிட்டது. மூலத்தைப் படிக்கும் மனிதரின் கண்ணுக்குக் காவலாளி வாயிலில் நின்றான். பெயர்த்த வடிவத்தில் அவன் இல்லை.

சாதாரண நிரலில் வெற்றுச் சுட்டியைத் தொட்டவுடன் நிரல் நின்றுபோகும், இழப்பு அவ்வளவே. கருநிரலிலோ, சில சூழ்நிலைகளில், சுழிய முகவரியில் பயனர் ஒருவர் தம் தரவை முன்கூட்டியே வைத்துவிட முடிந்தது. அவ்வாறு வைத்து, கணினியின் முழு அதிகாரத்தையும் சாதாரணப் பயனர் ஒருவர் கைப்பற்றலாம் என்பதை 2009 ஜூலையில் பிராட் ஸ்பெங்லர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் செய்தே காட்டினார்.

திருத்தம் இரு படிகளாக வந்தது. சோதனையை முன்னும் மதிப்பு எடுப்பதைப் பின்னும் வைத்தது முதற்படி. இது எழுதியவரின் வழுவைத் திருத்தியது. இத்தகைய சோதனைகளை நீக்காதே என்று தொகுப்பிக்கு ஒரு நிலையான விருப்பத்தேர்வைக் கருநிரலின் கட்டமைப்புக் கோப்பில் எழுதியது இரண்டாம் படி. 'சி' மொழியின் விதிப்படி தொகுப்பி செய்தது தவறன்று. எனினும், கருநிரல் இயங்கும் சூழலில் அவ்விதி ஊறு செய்யும் என்ற காரணத்தால் அது விலக்கப்பட்டது. இந்த இரண்டாம் படி வழுவமைதி.

வாசித்தவரின் வழு

இரண்டாம் நிகழ்வில் குற்றம் தொகுப்பியினுடையது. 2014ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், புதிதாக வந்திருந்த ஜிசிசி 4.9.0 கொண்டு தொகுத்த கருநிரல், சிலருடைய கணினிகளில் காரணம் தெரியாமல் அவ்வப்போது நிலைகுலைந்தது. செயலிகளுக்கிடையே பணியைச் சமமாகப் பங்கிடும் செயற்கூற்றில் அது நிகழ்ந்தது. மூலநிரலை எத்தனை முறை படித்தாலும் பிழை தெரியவில்லை. மூலத்தில் பிழை இல்லை என்பதே உண்மை. தொகுப்பி உண்டாக்கிய சில்லுக் கட்டளைகளை டோர்வால்ட்ஸ் படித்தபோதுதான் செய்தி வெளிப்பட்டது.

ஒரு செயற்கூறு தன் இடைக்கால மதிப்புகளை வைக்க, அடுக்கு எனப்படும் நினைவகப் பகுதியில் முதலில் இடம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். பிறகே பொருளை வைக்க வேண்டும். இத்தொகுப்பியோ இடத்தை ஒதுக்கும் கட்டளைக்கு முன்னதாகவே பொருளை வைக்கும் கட்டளையை நகர்த்திவிட்டது. 64 பிட் இன்டெல் வகைச் செயலிகளில் சாதாரண நிரல்களுக்கு அடுக்கின் எல்லைக்கு அப்பால் 128 பைட் பாதுகாப்பு இடம் உண்டு. கருநிரலுக்கு அச்சலுகை இல்லை; ஏனெனில் விசைப்பலகையோ கடிகாரமோ வலையமைப்போ எந்த நொடியிலும் குறுக்கிட்டு அதே இடத்தைப் பயன்படுத்தக்கூடும். மேசையைப் பதிவு செய்யுமுன் பையை வைத்துவிட்டு அகன்றவருடைய நிலை இது. பெரும்பாலும் பை அங்கேயே இருக்கும். எவரேனும் இடையில் வந்து அமர்ந்தால் இருக்காது. அதனால்தான் கணினி எப்போதோ ஒருமுறை மட்டும் வீழ்ந்தது. அதனால்தான் கண்டுபிடிப்பதும் அரிதாயிற்று.

இதில் மேலும் இரு செய்திகள் உள்ளன. வழுவைத் தேடுவோர்க்கு உதவும் குறிப்புகளையும் சேர்த்துத் தொகுக்கும்போதுதான் இக்கோளாறு தோன்றியது. வழுவைக் காட்டவேண்டிய விளக்கே வழுவுக்கு வாயிலாயிற்று. அன்றியும், இக்குறை ஜிசிசியின் 4.5 பதிப்பு முதற்கொண்டே உள்ளே உறங்கிக்கிடந்தது; 4.9 பதிப்பின் சிறு மாற்றங்களால் வெளியே தெரிந்தது. நெடுநாள் ஊறு செய்யாதது என்பதனால் ஒன்று சரியானதாகிவிடாது.

ஜிசிசி குழுவினர் தம் மூலத்தைத் திருத்தினர். ஆனால் பழைய ஜிசிசி உலகெங்கும் எண்ணற்ற கணினிகளில் பரவிவிட்டதே! ஆகவே, கோளாற்றுக்குக் காரணமான அந்த வசதியை நிறுத்திவிடும் விருப்பத்தேர்வு ஒன்றைக் கருநிரலார் சேர்த்தனர். பிழைதேடும் குறிப்புகளின் தரம் சற்றே குறையும். தவறான கட்டளைகள் உண்டாவதைவிட அது மேல் என்று திருத்தக் குறிப்பிலேயே எழுதிவைத்தனர். எந்தப் பதிப்பில் குறை, ஏன் இந்த ஏற்பாடு என்பதெல்லாம் அக்குறிப்பில் இருந்தன. 2020இல் அவ்வேற்பாடு பழைய ஜிசிசி பதிப்புகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. 2021இல் ஜிசிசி 5.1க்கு முந்தைய பதிப்புகளை ஏற்பதில்லை என்று கருநிரலார் முடிவு செய்தபோது, அது முற்றிலும் நீக்கப்பட்டது. காரணம் எழுதப்பட்டிருந்தமையால்தான் காரணம் நீங்கியவுடன் ஏற்பாட்டையும் நீக்க முடிந்தது. காரணம் எழுதாமல் விட்டிருந்தால், தொட அஞ்சும் பழக்கமாக அது இன்றும் நிலைத்திருக்கும்.

மொழியின் குறை

மூன்றாம் நிகழ்வில் எழுதியவரும் குற்றவாளியல்லர், வாசித்தவரும் குற்றவாளியல்லர். ஒரு மறைச்சொல்லையோ குறியாக்கத் திறவையோ பயன்படுத்திய நிரல், வேலை முடிந்ததும் அது இருந்த நினைவகத்தைச் சுழியங்களால் நிரப்பி அழித்துவிட வேண்டும். அப்படியே எழுதினார்கள். தொகுப்பி அதனைப் படித்தது. இந்த இடத்தில் சுழியத்தை எழுதியபின் எவரும் அதனை வாசிக்கவில்லை. வாசிக்காத எழுத்து வீண். ஆகவே நீக்கலாம் என்று நீக்கியது. மறைச்சொல் அழியாமல் நினைவகத்தில் தங்கிவிட்டது.

சிக்கல் எங்கே உள்ளது? 'இதனை வாசிப்பதற்காக எழுதவில்லை, அழிப்பதற்காக எழுதுகிறேன்' என்ற கருத்தைச் சொல்ல அம்மொழியில் தக்க சொல் இல்லை. கரும்பலகையைத் துடைப்பதற்கும் அதில் வெள்ளையாய் எழுதுவதற்கும் ஒரே வினைச்சொல் இருந்தால் எப்படியோ, அப்படி. ஆகவே 2014ஆம் ஆண்டில், சீரற்ற எண்களை உண்டாக்கும் பகுதியின் தேவையை ஒட்டிக் கருநிரலில் ஒரு புதிய செயற்கூறு படைக்கப்பட்டது. நினைவகத்தைச் சுழியமாக்கிவிட்டு, அவ்விடத்தை எவரேனும் பார்க்கக்கூடும் என்று தொகுப்பிக்கு உணர்த்தும் தடை ஒன்றையும் அது இடுகிறது. அதன்பின் தொகுப்பி அவ்வழிப்பை வீணென்று கருத முடியாது.

கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டுள்ள ஆசிரியர்களுக்கு இந்நிகழ்வு புதிதாகத் தோன்றாது. ஒரு கருத்துக்குச் சொல் இல்லாதபோது, இருக்கும் சொல்லைக் கொண்டு ஒப்பேற்றுகிறோம்; கேட்பவர் வேறாகக் கொள்கிறார்; சினப்படுகிறோம். அங்கே திருத்தவேண்டியது கேட்டவரையன்று. சொல்லைப் படைக்க வேண்டும்.

விதி முன்னா, வழக்கு முன்னா

இந்நிகழ்வுகளின் பின்னே நெடிய வழக்கு ஒன்று நடந்துவருகிறது. தொகுப்பியை எழுதுவோர், 1989ஆம் ஆண்டு முதல் தரப்படுத்தப்பட்டுள்ள 'சி' மொழியின் விதிநூலைக் காட்டுகின்றனர். விதி வரையறுக்காத ஒன்றை எழுதிவிட்டு எங்களைக் குறைகூறலாமா என்பது அவர்கள் வாதம். அவ்விதிகளை நம்பியே நிரல்களை விரைவாக இயங்கச் செய்கிறோம் என்பதும் உண்மையே. கருநிரலாரோ, எங்கள் நிரல் வன்பொருளோடு நேரே பேசுவது. அங்கே உள்ள நடைமுறையை விதிநூல் காணவில்லை என்கின்றனர்.

இலக்கியம் முன், இலக்கணம் பின் என்று கற்ற நமக்கு இந்த வழக்கு பழகியதே. இதற்கு இருவரும் கண்ட தீர்வைக் கவனியுங்கள். ஒரே நினைவகத்தை இருவேறு வகைப் பொருளாக நோக்குதல், எண்ணானது தன் எல்லையைத் தாண்டுதல் போன்ற இடங்களில், தன் கடுமையான ஊகங்களைக் கைவிடுவதற்குரிய விருப்பத்தேர்வுகளை ஜிசிசி தருகிறது. கருநிரலார் அவற்றைப் பயன்படுத்துகின்றனர். கருநிரலும் தன்னைத் திருத்திக்கொள்ளாமல் இல்லை. அளவு முன்கூட்டித் தெரியாத வரிசைகளை அடுக்கில் வைக்கும் பழைய பழக்கத்தை 2018ஆம் ஆண்டில் பல கைகள் சேர்ந்து களைந்தன. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த 5.18 பதிப்பு, நெடுங்காலம் பற்றியிருந்த 1989ஆம் ஆண்டு மொழிவழக்கை விட்டு 2011ஆம் ஆண்டு மொழிவழக்குக்கு மாறியது. இரு தரப்பும் எங்கே விட்டுக்கொடுத்தன, ஏன் விட்டுக்கொடுத்தன என்பது எழுத்தில் உள்ளது.

நம் மாணவர்க்கு இதில் என்ன இடம்?

இப்பணி மேதைகளுக்கு மட்டும் உரியதன்று. இதன் கருவிகள் பொறுமையும் ஒழுங்கும். 1,000 மாற்றங்களுள் எது கணினியைக் கெடுத்தது என்று தேடவேண்டுமாயின், நடுவிலுள்ளதைச் சோதித்துப் பாதியைக் கழிக்கிறோம். மீதியில் மீண்டும் பாதி. பத்தே சோதனைகளில் குற்றவாளி அகப்பட்டுவிடும். பிறகு, குறையைக் காட்டும் நிரலை வரிவரியாகக் குறைத்து, இதற்குமேல் குறைத்தால் குறையே மறைந்துவிடும் என்ற அளவுக்குச் சிறியதாக்குகிறோம். பத்துப் பக்கக் கட்டுரையின் பிழையை ஒரே தொடரில் காட்டுவது போன்றது அது. அமெரிக்காவின் ஊட்டா பல்கலைக்கழகக் குழுவினர், விதிக்கு உட்பட்ட நிரல்களைத் தானாக எழுதித் தொகுப்பிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கும் கருவி ஒன்றை உருவாக்கினர். மூன்றாண்டுகளில் 325க்கும் மேற்பட்ட புதிய வழுக்களைக் கண்டதாக 2011ஆம் ஆண்டில் அறிவித்தனர். நம்பிப் பயன்படுத்திய கருவிகளில் அத்தனை குறைகள்!

தமிழ்நிலத்திலும் இதற்கு வாயில் திறந்திருக்கிறது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி தலைமையில் உருவான 'சக்தி' செயலியின் சில்லு 2018ஆம் ஆண்டில் லினக்ஸை இயக்கிக் காட்டியது. அது பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதிக்கு ஜிசிசியில் 2017ஆம் ஆண்டிலும் லினக்ஸ் கருநிரலில் 2018ஆம் ஆண்டிலும்தான் இடம் கிடைத்திருந்தது. புதிய சில்லு ஒன்று பிறந்தால், அதற்குப் பெயர்க்கும் தொகுப்பியும் புதிதாகப் பழக வேண்டும். பழகும் வாசகனிடம் வழு இருக்கும். பார்த்துத் திருத்த ஆள் வேண்டும். சில்லைச் சோதித்தறிந்த ஊர் இது. அச்சில்லில் ஓடும் கட்டளையைச் சோதித்தறியும் கண்ணும் இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு வாய்க்காமல் போகக் காரணம் இல்லை.

அவர்களுக்கு இன்றியமையாத திறன் இன்னொன்றும் உண்டு. கருநிரலுக்கு அனுப்பும் திருத்தம் ஒவ்வொன்றுக்கும் முன்னே பாயிரம் போல ஒரு குறிப்பு எழுத வேண்டும். என்ன குறை, யார்க்கு ஊறு, எதனால் நேர்ந்தது, ஏன் இவ்வாறு திருத்தினேன் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒரு வரித் திருத்தத்திற்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதுவதும் உண்டு. திருத்தம் சரியாக இருந்தும், காரணம் விளங்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காரணத்தைத் தெளிவாக எழுதும் பயிற்சியை மொழிவகுப்பைவிட நன்றாகத் தரும் வகுப்பு எது?

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். மாணவரின் ஏட்டில் சிவப்பு மையால் கோடிடும் முன், இம்மூன்று நிகழ்வுகளையும் ஒருகணம் நினைத்துப் பாருங்கள். இது எழுதியவரின் வழுவா? வாசித்த நம் வழுவா? அல்லது, அப்பிள்ளை சொல்ல விழைந்ததற்கு நாம் இன்னும் சொல் கற்றுத்தரவில்லையா? எதுவாயினும், கோட்டின் அருகே காரணத்தையும் எழுதுங்கள். 'விதி அப்படித்தான்' என்ற விடையோடு வளரும் மாணவர், தொகுப்பி சொன்னதை நம்பி அமர்ந்துவிடுவார். 'ஏன்?' என்று கேட்டுப் பழகிய மாணவர், ஒருநாள் தொகுப்பி எழுதியதையும் திறந்து படித்துப் பார்ப்பார். உலகம் நம்பியிருக்கும் கருநிரல்களுக்கு அத்தகைய வாசகர் தேவைப்படுகின்றனர்.